தென் திருவிதாங்கூர் வரலாற்று நாடகங்களும் காலத்திற்கேற்ற ஆடையமைப்பும்

ஆய்வுச்சுருக்கம்

வரலாற்று நாடகத்தில் ஆடை என்பது காலத்தைக் காட்டும் அலங்காரமாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. களியக்காவிளையை உள்ளடக்கிய விளவங்கோட்டிலும் அதனை அடுத்த கல்குளத்திலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆடை அரச ஆணைக்கு உட்பட்டிருந்தது. இந்நிலத்தின் வரலாற்றை மேடையேற்றும்போது வழக்கமான மேடையுடை எதனை மறைத்துவிடுகிறது என்பதையும், ஆடையமைப்பாளர் கைக்கொள்ளத்தக்க சான்றுகள் எவை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர்ப் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருவுருவங்கள் திருவனந்தபுரத்திற்குப் புறப்படுகின்றன. குழித்துறையைக் கடந்து களியக்காவிளையை அடையும்போது எல்லையில் கேரள அரசின் சார்பில் வரவேற்பு அளிக்கப்படுகிறது. ஒரே சாலையில் ஒரே வேளையில் இருவகை உடைகளை அங்குக் காணலாம். ஒன்று அணிவகுத்து நிற்கும் காவலரின் தைத்த சீருடை. மற்றொன்று மேலாடையின்றி முண்டு மட்டும் உடுத்துத் திருமேனியைத் தொடரும் கோயிற் பணியாளரின் தைக்காத ஆடை. பின்னது பழந்திருவிதாங்கூரின் எச்சம். மரியாதைக்குரிய முன்னிலையில் மேலாடையைக் களைவதே பணிவு என்னும் கருத்து அதனுள் உறைந்துள்ளது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் இணைந்தன. அதற்கு முந்திய இப்பகுதி வரலாற்றை நாடகமாக்க விரும்புவோர் ஒரு தனிச் சிக்கலை எதிர்கொள்கின்றனர். தஞ்சையையோ மதுரையையோ களமாகக் கொண்ட நாடகத்தில் உடை தவறினால் காலவழு நேரும். தென் திருவிதாங்கூரைக் களமாகக் கொண்ட நாடகத்தில் உடை தவறினால் கதையே பொருளற்றுப் போகக்கூடும். ஏனெனில் இங்கு உடைதான் வழக்காக நின்றது.

மேடையரசரின் உடை

தமிழ் மேடையில் அரசர் என்றவுடன் நினைவில் எழும் உருவம் வெல்வெட் மேலங்கி, சரிகைக்கரை, ஜிகினா வேலைப்பாடு, அட்டைக் கிரீடம், டோப்பா ஆகியவற்றால் ஆனது. இவ்வுருவம் பழமையானதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் தென்னாட்டிற்குக் கொண்டுவந்த திரைச்சீலைகளும் பளபளக்கும் உடைகளும் தமிழகத்துக் கம்பெனி நாடகங்களால் ஏற்றுக்கொள்ளப்பட்டன. அதற்கு நடைமுறைக் காரணங்கள் இருந்தன. மங்கிய விளக்கொளியில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஜிகினா மின்னும். கனத்த வெல்வெட் தையற் குறைகளை மறைக்கும். ஊர் ஊராகச் செல்லும் குழுவின் ஒரு பெட்டிக்குள் அடங்கும் உடைகளே அரிச்சந்திரனுக்கும் பாண்டியனுக்கும் பயன்பட வேண்டும். இவ்வகையில் பார்த்தால் கம்பெனி நாடகத்தின் அரசவுடை அறியாமையால் விளைந்தது என்பதைவிடச் சிக்கனத்தால் விளைந்தது எனலே பொருந்தும்.

தெருக்கூத்தில் கட்டை கட்டும் மரபு இதனின் வேறானது. கிரீடமும் புயக்கட்டையும் மார்பதக்கமும் பாத்திரத்தின் தகுதியையும் இயல்பையும் காட்டுகின்றனவே அன்றிக் காலத்தைக் காட்ட முற்படுவதில்லை. மேற்குக் கடற்கரை இலத்தீன் கிறித்தவரிடையே வளர்ந்த சவிட்டு நாடகமும் இத்தகையதே. தமிழரான சின்னத்தம்பி அண்ணாவியோடு தொடர்புபடுத்தப்படும் இக்கலையில் காரல்மான் என்னும் சார்லமேன் மன்னர் ஐரோப்பியப் போர்வீரர் சாயலில் வெல்வெட்டும் மணியும் அணிந்து வருவார். இவ்வகை ஆட்டங்களில் காலவழு தேடுவது பயனற்ற முயற்சி. 'இது இன்ன ஆண்டில் நடந்தது' என்று நாடகம் தானே உரிமை கொண்டாடத் தொடங்கும்போதுதான் உடைக்கும் அந்தப் பொறுப்பு வந்துசேர்கிறது.

1891ஆம் ஆண்டு இவ்வகையில் கருதத்தக்கது. அவ்வாண்டில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை சென்னையில் தோன்றியது. திருவனந்தபுரத்தில் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அதே ஆண்டில் வெளிவந்தது. நாஞ்சில் நாடு யாருக்குரியது என்னும் சேர பாண்டிய பூசலே அந்நாடகத்தின் போருக்குக் காரணமாக அமைகிறது. சி.வி. இராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' என்னும் மலையாளப் புதினமும் 1891இல்தான் அச்சேறியது. பத்மநாபபுரத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் களமாகக் கொண்ட அப்புதினத்தில் அனந்தபத்மநாபன் 'பிராந்தன் சான்னான்' என்னும் பெயரில் பித்தேறிய சான்னானாக மாறுவேடம் பூண்டு உலவுகிறான். உயர்குடியில் பிறந்தவன் உடையை மாற்றிய அளவில் பிறர் கண்ணுக்கு வேறு சாதியினனாகிவிடுகிறான். உடை சாதியின் கையெழுத்தாக இருந்த நாட்டில் மட்டுமே இத்தகைய மாறுவேடம் நம்பத்தக்கதாகும். இப்புதினத்தை மேடைக்கோ திரைக்கோ கொண்டுவருவோர் எல்லோருக்கும் பட்டும் சரிகையும் அணிவித்தால் கதையின் முதன்மை முடிச்சே அவிழ்ந்துவிடும். நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து 1933இல் வெளியான 'மார்த்தாண்டவர்மா' மௌனப்படத்தின் படி புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. இப்பகுதியினர் தம் வரலாற்றுக்குத் தாமே உடையணிவித்த தொடக்ககால முயற்சி என்ற வகையில் அது தனியே ஆராயத்தக்கது.

நாஞ்சில் மண்ணோடு நெருங்கிய தொடர்புடைய டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வளர்ந்ததும் இக்குழுவில்தான். 'ஔவையார்' நாடகத்தில் டி.கே. சண்முகம் ஏற்ற முதிய பெண்பாற் புலவர் வேடம் அவர் பெயரோடு அடைமொழியாகவே ஒட்டிக்கொண்டது. பளபளப்பு ஏதுமில்லாத முதுமைக் கோலமும் மேடையில் வெல்லும் என்பதற்கு அது சான்று. அரு. இராமநாதன் எழுதி இக்குழுவினர் மேடையேற்றிய 'இராஜராஜ சோழன்' இன்னொரு வகை. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் சோழர்கால ஓவியங்களை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இலேயே வெளிக்கொணர்ந்துவிட்டார். அவ்வோவியங்களில் உயர்நிலை ஆடவர் மேலாடையின்றி அணிகலன்களோடும் முடித்த கொண்டையோடும் காட்சியளிக்கின்றனர். எனினும் மக்கள் மனத்தில் நிலைத்த சோழ மன்னரின் மேடையுருவம் அவ்வோவியத்திலிருந்து பிறந்ததன்று. சான்று கண்டறியப்படுவது ஒன்று. அது மேடையேறுவது வேறொன்று.

ஆணைகள் வரைந்த உடை

தென் திருவிதாங்கூரில் ஒருவர் எதனை உடுத்தலாம் என்பது செல்வத்தாலோ விருப்பத்தாலோ முடிவு செய்யப்படவில்லை. நாடார் (அக்கால ஆவணங்களில் சாணார்) முதலிய சாதியினர் குடை பிடித்தலும், செருப்பணிதலும், பொன்னணி பூணுதலும் தடுக்கப்பட்டிருந்தன. பெண்கள் நீர்க்குடத்தை இடுப்பில் வைத்துச் செல்லவும் தடை இருந்தது. 1871இலும் 1883இலும் வெளிவந்த சாமுவேல் மெட்டீரின் நூல்கள் இத்தகைய தடைகளை விரிவாகப் பதிவு செய்துள்ளன. ஆடையமைப்பாளருக்கு மட்டுமன்றி நடிப்புப் பயிற்றுநருக்கும் இது முதன்மையான செய்தி. குடம் இடுப்பில் இருந்தால் நடை ஒருவகை. தலையில் இருந்தால் வேறுவகை. கிராமியப் பெண் என்றவுடன் இடுப்பில் குடத்தோடு வருதல் தமிழ் மேடையில் ஊறிப்போன படிமம். 1820களின் விளவங்கோட்டுக் காட்சியில் அப்படிமம் ஒரு குற்றச்செயலைக் காட்டியதாகிவிடும்.

தோள்சீலை பற்றிய ஆணைகளின் வரிசை ஆடையமைப்பாளர் மனத்தில் கொள்ள வேண்டியதாகும். 1810களில் திவானாகவும் ரெசிடெண்டாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறித்தவராக மாறிய பெண்கள் மார்பை மறைக்கலாம் என இசைவளித்தார். அம்மறைப்பு குப்பாயம் என்னும் தைத்த சட்டையாக இருக்க வேண்டும், நாயர்ப் பெண்களின் மேல்முண்டாக இருத்தல் ஆகாது என்று அவ்விசைவு பின்னர் வரையறுக்கப்பட்டது. 1822ஐ ஒட்டிக் கல்குளம் பகுதியில் கலகம் மூண்டது. 1829 பிப்ரவரி 3 அன்று இராணி கௌரி பார்வதி பாய் வெளியிட்ட அறிக்கை சாணார்ப் பெண்களுக்குத் தோள்சீலையை மறுத்தது. கிறித்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை மட்டும் விட்டுவைத்தது. 1858இன் இறுதியில் மீண்டும் கலகம் வெடித்தது. திவான் மாதவராவ் காலத்தில், சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெலியனின் வற்புறுத்தலைத் தொடர்ந்து, 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிக்கை வெளிவந்தது. எச்சமயத்தைச் சேர்ந்த சாணார்ப் பெண்களும் கிறித்தவப் பெண்களைப் போலச் சட்டை அணியலாம். முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்பதே அதன் சாரம்.

இவ்வாணைகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பூசல் உடலை மறைப்பதா வேண்டாவா என்பது பற்றி மட்டும் எழுந்ததன்று. எந்தத் துணியை, எந்த முறையில், தோளின் மீதா மார்பைச் சுற்றியா என்பது பற்றி எழுந்தது அது. மேல்முண்டு உயர்சாதிப் பெண்களுக்கும் எப்போதும் உரிய போர்வையாக இருக்கவில்லை. தெய்வத்தின் முன்னும் தம்மினும் உயர்ந்தோர் முன்னும் அவர்களும் அதனை நீக்கினர். எனவே திறந்த மார்பு வெட்கத்தின் குறியாக அன்றித் தாழ்வின், பணிவின் குறியாகவே அன்று வழங்கியது. வெட்கம் என்னும் விளக்கத்தை வலுப்படுத்தியதில் சமயப்பணியாளரின் விக்டோரியக் காலக் கண்ணோட்டத்திற்குப் பெரும் பங்குண்டு. மேடை இவ்விளக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தகுதி பற்றிய போராட்டத்தை நாணம் பற்றிய போராட்டமாகச் சுருக்கிவிடும் இடர் உள்ளது. முலைக்கரம் பற்றியும் இங்குக் கூறுதல் தகும். அது பெண்கள் மீது விதிக்கப்பட்ட தலைவரியே அன்றி மார்பை மறைப்பதற்கான கட்டணம் அன்று என வாதிடும் ஆய்வாளர் உளர். அதிகாரி அளவுகோலோடு வந்து சீலைக்கு வரி கேட்கும் காட்சி மேடைக்கு எளிது. ஆவணத்தில் அதற்கு இடம் தேடுவது அத்துணை எளிதன்று.

இவ்விடத்தில் ஒரு முரண் சுட்டத்தக்கது. 1859 அறிக்கை வெளியான ஆண்டில் கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா பதினொரு வயதுச் சிறுவர். கூந்தலை அலங்கரிக்கும் நாயர்ப் பெண்ணின் ஓவியம் 1873இல் அவருக்குப் பரிசு பெற்றுத் தந்தது. 1894இல் பம்பாயில் அவர் நிறுவிய கல்லச்சுக்கூடம் ரவிக்கையும் சேலையும் அணிந்த தமயந்தியரையும் இலக்குமியரையும் வீடுதோறும் கொண்டுசேர்த்தது. 'பண்டைக்காலப் பெண்' என்றால் ரவிக்கை அணிந்தவள் என்னும் எண்ணத்தைத் தமிழ் மேடைக்கும் நாட்காட்டிக்கும் அளித்த ஓவியர், ரவிக்கைக்காகக் குருதி சிந்திய அதே அரசில் பிறந்தவர்.

கிடைக்கும் சான்றுகளும் அவற்றின் எல்லையும்

காட்சிச் சான்றுகளில் முதலிடம் பெறுவன பத்மநாபபுரம் அரண்மனையின் சுவரோவியங்களும், திருவட்டாறு, சுசீந்திரம் கோயில்களின் பாவை விளக்குச் சிற்பங்களும் ஆகும். பிரகாரத் தூண்கள்தோறும் விளக்கேந்தி நிற்கும் திருவட்டாற்றுப் பாவையர் இடைக்குக் கீழ் உடுத்த முறை, மடிப்பு, கொண்டை, காதணி ஆகியவற்றிற்கு அரிய கருவூலம். ஆயினும் இவை கோயிற் பெண்டிரின் இலட்சிய வடிவங்கள். வயலில் இறங்கியவளின் உடையை இவற்றிலிருந்து பெறமுடியாது. அதற்கு மெட்டீரின் நூல்களில் உள்ள வரைபடங்களும், நாகமையாவின் 1906ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் அரசுக் கையேடும், தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுதிகளும் துணைபுரியும். தர்ஸ்டன் கால நிழற்படங்கள் நிற்கவைத்து எடுக்கப்பட்டவை என்பதும், 1859க்கு அரை நூற்றாண்டு பிந்தியவை என்பதும் மறக்கலாகாதவை.

துணியைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். திருவிதாங்கூர்க் காட்சி என்றால் சரிகைக்கரை இட்ட வெண்முண்டை அணிவிப்பது இன்று ஏறக்குறைய அனிச்சைச் செயலாகிவிட்டது. களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் உள்ள பாலராமபுரமே அத்துணிக்குப் புகழ்பெற்ற ஊர். அவ்வூர் நெசவு 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மா காலத்தில் தெற்கிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர்களால் தொடங்கப்பட்டது. 1741இல் நிகழ்ந்த குளச்சல் போரை நடிக்கும் மேடையில் பாலராமபுர முண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்திக்கொண்டு வந்த துணி. ஆலையில் வெளுத்த பளிச்சென்ற வெண்மையும் அவ்வாறே. வெளுக்காத கோடித்துணியின் மங்கிய நிறமும், முழங்காலோடு நின்றுவிடும் சிற்றகலமும் உழைப்பவரின் உடைக்குப் பொருந்துவன. இதற்குச் செலவும் குறைவு என்பது நாடகக் குழுவினர் மகிழத்தக்க செய்தி.

குளச்சல் போர்க் காட்சியில் டச்சு வீரர்களுக்கு வாடகைக் கடையில் எளிதில் கிடைக்கும் ஆங்கிலேயச் சிவப்புச் சட்டையை மாட்டிவிடுவது மற்றொரு வழு. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஐரோப்பியப் படைவீரர் முழங்காலை எட்டும் நீண்ட மேலங்கியும், உட்சட்டையும், முழங்காலளவுக் காற்சட்டையும், மும்முனைத் தொப்பியும் அணிந்தவர். டிலனாய் 1777 வரை வாழ்ந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டவர் ஆதலின் அவரது முப்பத்தைந்து ஆண்டுக்கால உடை மாற்றமும் கணக்கில் கொள்ளத்தக்கது.

தேவசகாயம்: ஓர் உருவின் உடைச்சிக்கல்

களியக்காவிளைக்கு அண்மையில், மார்த்தாண்டத்தை அடுத்த நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்டவர்மாவின் அரண்மனையில் பணியாற்றியவர். 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் கொல்லப்பட்டவர். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டவர். இவருடைய வரலாறு தென்தமிழகக் கத்தோலிக்க ஊர்களிலும், கடல் கடந்து யாழ்ப்பாணத்துக் கரையூர்களிலும் நாடகமாகவும் நாட்டுக்கூத்தாகவும் ஆடப்பட்டு வந்துள்ளது. தென் திருவிதாங்கூர் மாந்தர் ஒருவரைப் பற்றிய நாடக மரபுகளில் இதுவே பரந்தது எனலாம்.

கூத்து மரபில் மார்த்தாண்டவர்மா பிற கூத்தரசர்களைப் போலவே முடியும் மின்னும் உடையுமாக வருவார். அது அம்மரபின் இயல்பு. வரலாற்று நாடகமாக அமைக்கும்போது சிக்கல் தேவசகாயத்திடமே தொடங்குகிறது. விலங்கிட்ட கைகள், திறந்த மார்பு, வெண்ணிற வேட்டி என்பதே பெரும்பாலான படங்களும் சிலைகளும் காட்டும் வடிவம். எருமை மீதேற்றி எருக்கமாலை சூட்டி ஊர்வலம் விட்டனர் என்று மரபு கூறும். இவ்விரண்டும் அரசுத் தண்டனையின் உடைமொழி. உயர்குடியினனின் உடையைப் பறித்து இழிவின் உடையை அணிவித்தல். முதற்காட்சியில் அரண்மனை அலுவலரின் தகுதிக்குரிய முண்டும் நேரியதும் அணிகளும் தெளிவாகக் காட்டப்பட்டால் மட்டுமே பின்வரும் பறிப்பு பார்வையாளருக்குப் புரியும். தொடக்கம் முதலே துறவி போல எளிய வேட்டியில் காட்டும் வழக்கம் பக்திக்குப் பொருந்தலாம், நாடகத்திற்குப் பொருந்தாது.

அடுத்தது குடுமி. திருமுழுக்குப் பெற்றபின் அவர் குடுமியைக் களைந்தாரா என்பது மேடையில் விடையளித்தே தீரவேண்டிய வினா. டோப்பா வைப்பவர் அதனைத் தள்ளிப்போட இயலாது. குடுமியும் நூலும் சமயக் குறிகள் அல்ல, சமூகக் குறிகளே என்னும் அடிப்படையில் 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவற்றை இசைந்தேற்றார். மலபார்ச் சடங்குகள் பற்றிய நெடிய வழக்கு 1744இல், அதாவது தேவசகாயத்தின் திருமுழுக்கிற்கு ஓராண்டு முன்னர், பதினான்காம் பெனடிக்டின் ஆணையோடு ஓய்ந்தது. அவருக்குத் திருமுழுக்களித்த இயேசு சபையினர் மதுரைப் பணித்தளத்தின் வழக்கை அறிந்தோர். ஆகவே மதமாற்றக் காட்சிக்குப் பின்னும் குடுமியை அப்படியே விடுதல் சான்றுகளோடு முரணாது. ஆனால் அக்குடுமி ஒரு சாதியின் அடையாளமும் ஆகும். புனிதர் பட்டத்திற்கு முன்னதாக அவர் பெயரிலிருந்து 'பிள்ளை' என்னும் பின்னொட்டு முறையீடுகளின் பேரில் நீக்கப்பட்டது அறிந்ததே. பெயரிலிருந்து சாதியை எடுத்துவிடலாம்; 1745ஆம் ஆண்டு உடையிலிருந்து அதனை எடுத்துவிட்டால் அவர் எதனைத் துறந்தார் என்பதும் உடன் மறைந்துபோகும்.

மேடையில் தோள்சீலை

தோள்சீலைப் போராட்டத்தை நடிப்பதே ஆடையமைப்பாளருக்குக் கடுமையான தேர்வு. எல்லாப் பெண் பாத்திரங்களுக்கும் இக்கால ரவிக்கையை அணிவித்தால் பூசலுக்குரிய பொருளே மேடையில் இல்லாமற் போகிறது. உடல்நிறத்தில் இறுக்கமான சட்டை அணிவிப்பது நாட்டிய நாடகங்களில் பழகிய உத்தி. அது பார்வையாளரின் கண்ணை உடலின் மீதே நிறுத்துகிறது. முற்சுட்டிய நாணக் கதையாடலுக்கே இட்டுச் செல்கிறது. போராடிய பெண்களின் வழித்தோன்றல்கள் அவையில் அமர்ந்திருக்கும் ஊர்களில் அவ்வுத்தி புண்படுத்தவும் கூடும்.

மூன்றாவது வழி துணியையும் செயலையும் முன்னிறுத்துவது. எல்லாச் சாதிப் பெண்களையும் மார்பளவில் இறுக்கிக் கட்டிய ஒரே வகை எளிய ஆடையில் நிறுத்தி, அதனை மேடை மரபாக முதற்காட்சியிலேயே நிலைநாட்டலாம். அதன்மேல் வரும் தோள்சீலை மட்டுமே பொருளுடையதாகும். நாயர்ப் பெண் அரண்மனை அலுவலர் முன் அதனை இறக்குவதும், அவள் இறக்கும் அதே சீலையைச் சந்தையில் இன்னொருத்தி தோளிலிட, ஒருவன் அதனைப் பறித்துக் கிழிப்பதும் அடுத்தடுத்துக் காட்டப்பட்டால் விளக்கவுரைக்கு இடமே இராது. முழங்காலுக்கு மேல் நிற்கும் கீழாடை, வெறுங்கால், பொன்னில்லாக் காது, தலையிலேறிய குடம் ஆகியவை எஞ்சியதைச் சொல்லிவிடும். குப்பாயம் தளர்ந்த கைகளோடு, இடுப்புக்கு மேல் நிற்கும் எளிய தைத்த சட்டையாக அமைதல் வேண்டும். கொக்கி வைத்த இறுக்கமான ரவிக்கை அதற்கு ஈடாகாது. மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் தொடங்கிய பின்னல் வேலையைக் கிறித்தவப் பெண்களின் குப்பாயத்தில் இணைக்க விரும்புவோர், அப்பின்னல் பெரிதும் விற்பனைக்காகச் செய்யப்பட்டது என்பதை நினைவிற்கொள்வது நல்லது. பின்னியவளின் சட்டையில் பின்னல் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

இறுதிக் காட்சி பற்றி ஒரு குறிப்பு. 1859 ஜூலை 26 அறிக்கை வாசிக்கப்பட்டதும் பெண்கள் அனைவரும் மடித்த மேல்முண்டைத் தோளிலிட்டு முன்வருவதாக முடிப்பது இயக்குநருக்கு இயல்பாகத் தோன்றும். அறிக்கை இசைந்தது சட்டையும் முக்குவப் பெண்களின் முரட்டுத் துணிக்கட்டும் அவை போன்ற பிற மறைப்பும் மட்டுமே. தோளிலிட்ட மேல்முண்டு அன்றும் விலக்கப்பட்டதாகவே இருந்தது. அக்காட்சியில் மேல்முண்டு தோன்றினால் அது ஆணையைக் கொண்டாடும் உடையன்று, ஆணையை மீறும் உடை. அதனை அணிவிக்கும் ஆடையமைப்பாளர் அறிந்தே அணிவித்தல் வேண்டும்.